வன்னிக் கிராமத்துக்குப் போதைத் தடுப்புச் செய்தி எழுதுவது எப்படி? பிற நாடுகளின் செய்திகளைப் படித்தறிந்து பயன்படுத்தும் வழிமுறை

ஒவ்வோராண்டும் யூன் 26ஆந் திகதி நெருங்கும்போது இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் போதைப்பொருள் எதிர்ப்புப் பதாகைகளைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1987 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி அந்த நாள் போதைப்பொருள் பாவனைக்கும் கடத்தலுக்கும் எதிரான சர்வதேச நாளாக அனுசரிக்கப்படுகிறது. நாள் நெருங்கிய பின்னரே வேலை தொடங்குவதால், மண்டையோடு, சங்கிலி, கையில் ஏறும் ஊசி என்று இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்து, அதன் கீழ் ஒரு வாசகத்தை அச்சிட்டு, பாடசாலை வாயிலில் கட்டிவிடுகிறோம். ஆனால் இலங்கையில் ஹெரோயின் பாவிப்போரில் மிகப் பெரும்பாலானோர் அதை ஊசியால் ஏற்றுவதில்லை. ஈயத்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையாக உள்ளிழுக்கிறார்கள். ஐஸ் எனப்படும் படிக வடிவ மெதம்பெற்றமின் போதைப்பொருளும் புகையாகவே உள்ளே போகிறது; மாத்திரை விழுங்கப்படுகிறது; கஞ்சா சுருட்டிப் புகைக்கப்படுகிறது. அந்தப் பதாகையைப் பார்த்த தாய் மகனின் கையில் ஊசித் தழும்பைத் தேடி, அது இல்லை என்று ஆறுதல் அடைகிறாள். அவள் கவனித்திருக்க வேண்டியது அவனுடைய சட்டைப் பையில் இருந்த கருகிய ஈயத்தாளை.

வேறொரு நாட்டின் பழக்கத்தையும் அச்சத்தையும் சுமந்து வந்த படம் அது. படத்தைப் போலவே வாசகமும் தான் பிறந்த நாட்டின் நம்பிக்கைகளைச் சுமந்தே வருகிறது: தவறு யாருடையது, திருத்த வேண்டியவர் யார், இழக்கக் கூடாத பொருள் எது என்பனவற்றுக்கு ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று ஒரு விடை வைத்திருக்கிறது. அந்த விடையை அறியாமல் வாசகத்தை மட்டும் இரவல் எடுத்தால், நம் ஊரில் அது யாரையும் தொடாமல் போகும். சில வேளைகளில் கெடுதலும் செய்யும். ஆகவே பிற நாட்டுச் செய்திகளை எப்படிப் படிப்பது, படித்தபின் வன்னியின் ஒரு கிராமத்துக்கான செய்தியை எப்படி அமைப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்கள், கழக இளைஞர்கள், சனசமூக நிலைய நிர்வாகிகள், அரசின் வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தியின் உத்தியோகத்தர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்தச் செய்தியைக் கண்டாலும் மூன்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேசுபவர் யார்? யாரைப் பார்த்துப் பேசுகிறார்? கேளாவிட்டால் எதை இழப்பாய் என்று சொல்கிறார்? இம்மூன்றுக்கும் விடை எழுதிய பிறகே வாசகத்தின் அழகையும் படத்தின் கவர்ச்சியையும் பார்க்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1980களில் அன்றைய குடியரசுத் தலைவரின் துணைவியார் நான்சி றேகன் முன்னெடுத்த ‘வேண்டாம் என்று மட்டும் சொல்’ என்ற இயக்கத்தை இக்கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். பேசுபவர் நாட்டின் முதற் பெண்மணி. கேட்பவர் தனியொரு பிள்ளை. இழப்பது அந்தப் பிள்ளையின் எதிர்காலம். 1987இல் வெளியான புகழ்பெற்ற தொலைக்காட்சி விளம்பரமொன்று, முட்டையை மூளையாகக் காட்டி, அதைச் சுடு சட்டியில் உடைத்து ஊற்றியது. அங்கும் பேச்சு ஒரு தனி மனிதரின் மூளையைப் பற்றியதுதான். அந்தச் சட்டியைச் சுற்றி வீடோ அயலோ இல்லை. தெரிவு உன்னுடையது, மனவுறுதி இருந்தால் வெல்வாய், தோற்றால் தோல்வியும் உன்னுடையது என்ற அமெரிக்க நம்பிக்கை அவ்விரண்டின் அடியிலும் கிடக்கிறது.

இதை வன்னிக்குக் கொண்டுவந்து பாருங்கள். பதினாறு வயதுப் பெடியனுக்கு முதல் தடவை கஞ்சாவையோ மாத்திரையையோ நீட்டுபவர் பெரும்பாலும் அந்நியராக இருக்க மாட்டார். மச்சானோ, அறுவடைக் காலத்தில் கூட்டிச் செல்லும் உழவு இயந்திரக்கார அண்ணனோ, வள்ளத்தில் கூட வரும் சம்மாட்டியின் (வள்ள முதலாளியின்) ஆளோ ஆக இருப்பார். அவருக்கு முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்வது, அவர் தந்த உரிமையையும் நாளைய வேலையையும் உதறுவதாகும். மூத்தவரிடம் மறுத்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளையிடமே மறுத்துப் பேசு என்று கோருகிறோம். எப்படி மறுப்பது என்பதை மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை. உறவு அறாமல் விலகிக்கொள்ளும் வார்த்தையைக் கொடுப்பதே நம் செய்தியின் வேலை. ‘அண்ணை, நாளைக்கு வெள்ளன தண்ணி பாய்ச்சப் போகவேணும், என்னை விடுங்கோ’, ‘அம்மா முழிச்சுக்கொண்டு இருப்பா, மணத்தைப் பிடிச்சிடுவா’ போன்ற வாக்கியங்களைப் பிள்ளைகளைக் கொண்டே சொல்ல வைத்து, நடித்துப் பழக்க வேண்டும்.

அமெரிக்காவிடமிருந்து பெறக்கூடிய இன்னொரு பாடம் இதைவிடப் பெறுமதியானது. அவர்கள் தம் செய்திகளை அளந்து பார்த்தார்கள். 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய, பொலிஸ் உத்தியோகத்தர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தும் திட்டம் நாடெங்கும் பரவிய பின்னர், அது பிள்ளைகளின் பாவனையை நீடித்துக் குறைக்கவில்லை என்று ஆய்வுகள் அடுத்தடுத்துக் காட்டின. 1998 முதல் 2004 வரை ஏறத்தாழ 100 கோடி டொலர் ஒதுக்கி நடத்தப்பட்ட இளையோர் ஊடகப் பரப்புரையை ஆராய்ந்து 2008இல் வெளியான மதிப்பீடு, அது கஞ்சாப் பாவனையைக் குறைத்ததற்குச் சான்றில்லை என்றது. விளம்பரங்களை அதிகம் பார்த்த பிள்ளைகள் சிலரிடம் நிலைமை எதிர்மாறாகவே இருந்தது. இதற்கு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம், ‘எல்லாரும் இதைச் செய்கிறார்கள் போலும்’ என்ற மறைமுகச் செய்தியை அந்த விளம்பரங்களே பிள்ளைகளின் மனத்தில் விதைத்திருக்கலாம் என்பதாகும்.

‘எமது இளைஞர் சமுதாயமே சீரழிந்துவிட்டது’ என்று மேடைதோறும் முழங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஊரின் பெரும்பாலான பிள்ளைகள் போதைப்பொருளைத் தொடாதவர்கள். அவர்களிடம் போய் உன் வயதினர் எல்லோரும் கெட்டுவிட்டார்கள் என்று சொன்னால், தொடாதிருப்பவன் தான்தான் தனித்து நிற்கிறேன் என்று நினைப்பான்.

கோடு கிழிக்கும் நாடுகள்

யப்பானில் 1987 முதல் ‘கூடாது, ஒருபோதும் கூடாது’ என்ற பொருளிலான மிகச் சுருங்கிய வாசகமொன்று நாடெங்கும் பயன்படுத்தப்பட்டு வருகிறது. அதில் காரணமும் இல்லை, விளக்கமும் இல்லை. கோட்டுக்கு உள்ளே அனைவரும் ஒழுங்காக நிற்கும் சமூகத்தில் விளக்கம் தேவையில்லை என்ற நம்பிக்கையே அதன் பலம். கோட்டைத் தாண்டிவிட்டவனுக்கு அந்த வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதே அதன் குறை. போதையிலிருந்து மீள முயல்வோரோடு பணியாற்றும் யப்பானிய மருத்துவர்கள், இவ்வாசகம் அவர்களை மனிதரல்லாதவர்போல ஒதுக்கி, உதவி கேட்கும் வாயையும் அடைத்துவிடுகிறது என்று விமர்சித்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் செய்தியில் பேசுபவர் அரசு. 15 கிராமுக்கு மேல் ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை என்ற சட்டமே அங்கு முதன்மையான பதாகை. நாட்டுக்குள் நுழைவோர் நிரப்பிய படிவத்திலேயே அந்த எச்சரிக்கை சிவப்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. சிறிய தீவு, பல இனங்கள், ஒழுங்கு குலைந்தால் எல்லோரும் கெடுவோம் என்ற அச்சம் ஆகியவை அதன் பின்னணி. அங்கே தமிழும் ஆட்சிமொழி என்பதால் சிங்கப்பூரின் தமிழ் வாசகங்கள் நமக்கு எளிதில் கிடைக்கின்றன. கிடைக்கிறது என்பதற்காகவே எடுத்துவிடக் கூடாது. அந்த வாசகத்துக்குப் பின்னால், மக்கள் அஞ்சினாலும் நம்புகின்ற ஒரு நிர்வாகம் நிற்கிறது. மேலும், சிறை மீண்டோரைச் சமூகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக 2004இல் அதே நாடு மஞ்சள் நாடா இயக்கத்தைத் தொடங்கியது. நாம் கடுமையான வாசகத்தை மட்டும் எடுத்து, திரும்பி வருபவனுக்கு வழிவிடும் மறுபாதியை விட்டுவிடுகிறோம்.

சீனாவில் செய்தி வரலாற்றின் குரலில் பேசுகிறது. 1839இல் லின் சேசு என்ற அதிகாரி ஹுமென் கரையில் பிரித்தானிய வணிகரின் அபினை அழித்ததும், அதைத் தொடர்ந்த போரில் சீனா தோற்றதும் அங்கே ஒவ்வொரு பிள்ளையும் படிக்கும் பாடம். போதைப்பொருள் நாட்டை அடிமைப்படுத்திய கருவி. அதைத் தொடுபவன் அந்த அவமானத்தை மீண்டும் வாங்குகிறான் என்பது அதன் உட்பொருள். நம்மிடையேயும் இதே பாங்கில், நம் இளைஞரை அழிக்கத் திட்டமிட்டே போதைப்பொருள் பரப்பப்படுகிறது என்று பலர் பேசுகிறார்கள். வன்னி கண்டவற்றை நினைத்தால் அந்த ஐயம் ஏன் எழுகிறது என்பதை எவரும் விளங்கிக்கொள்ள முடியும். ஆயினும் அதை ஊர்ப் பதாகையின் வாசகமாக்க வேண்டாம் என்றே சொல்வேன். அது விசாரணையும் சான்றும் கேட்கும் விடயம். அதற்குரிய இடம் வேறு. பதாகையில் அது ஏறியதும், பாவிக்கும் பிள்ளை துரோகியாகவோ வெறும் பலியாகவோ மாறிவிடுகிறான், அவனுடைய தாய்க்கு நாளைக் காலையில் செய்வதற்கு ஒரு வேலையும் அதில் கிடைப்பதில்லை.

தாய்லாந்து 2002இல் அரச குடும்பத்து இளவரசியின் தலைமையில், இளையோரின் ஆற்றலைப் போற்றும் மகிழ்ச்சியான இயக்கமொன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே நாட்டின் அரசு நடத்திய ‘போதைக்கு எதிரான போரின்’ முதல் மூன்று மாதங்களில் 2,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒரு நாட்டுக்கு ஒரே பண்பாடு, ஒரே செய்தி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

அயலைப் பார்த்துப் பேசும் செய்தி

எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு ஐஸ்லாந்து. 1998இல் அங்கு 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதத்தினர் முந்திய ஒரு மாதத்துக்குள் மது வெறியில் இருந்ததாகக் கூறினர். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் 17 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தனர். பிள்ளைகளை நோக்கி அவர்கள் அதிகம் பேசவில்லை; பெற்றோரை நோக்கிப் பேசினார்கள். இரவில் குறித்த நேரத்துக்குப் பின் பிள்ளைகள் வெளியில் நிற்கக் கூடாதென்று சட்டம் வந்தது; பெற்றோர் ஒருவரோடொருவர் உடன்படிக்கை எழுதினார்கள்; மாலையில் அணியணியாகத் தெருவில் நடந்தார்கள்; விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது; பாடசாலைகளில் பெயர் குறிக்காத கணிப்பீட்டை நடத்தி, முடிவுகளை அந்தந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்தது. அங்கே ‘உன் பிள்ளை’, ‘என் பிள்ளை’ என்ற பிரிவு செய்தியிலேயே இல்லை.

அவர்களிடம் இருந்த பணம் நம்மிடம் இல்லை. ஆனால் அயலவரின் பிள்ளையையும் அதட்டும் உரிமை வன்னிக் கிராமங்களில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. குளத்து நீரைப் பங்கிடக் கமக்காரர் அமைப்பு கூட்டம் வைத்து ஒரு முடிவுக்குக் கட்டுப்படுகிறது. கரைவலை இழுக்கும் ஊர்களில் யார் எப்போது இறங்குவது என்று முறை வைத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டு ஒழுங்கின் மேல்தான் நம் செய்தியை நிறுத்த வேண்டும்.

பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டுத் திட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். அது ஃபிராங்க் என்ற ஒரு நண்பனின் பெயரில், யாரென்று கேட்காத தொலைபேசி இலக்கத்தோடு வந்தது. போர்த்துக்கல் 2001இல் சொந்தப் பாவனைக்கான சிறிய அளவைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து எடுத்து, சமூக சேவையாளரும் உளவியலாளரும் இருக்கும் குழுவின் முன் கொண்டுவந்தது. சட்டமே ஒரு செய்தியாக முடியும் என்பதற்கு அதைப் படித்து வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டின் செய்திகளையும் அவ்வாறே படித்தல்

அதே மூன்று கேள்விகளை இலங்கைக்கும் கேளுங்கள். போதைப்பொருள் சட்டத்துக்கு 1984இல் வந்த திருத்தம், 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருப்போருக்கு மரண தண்டனையையோ ஆயுட்காலச் சிறையையோ விதிக்கிறது. எனினும் 1976க்குப் பின் இந்நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2005க்குப் பின் அரசு முன்னெடுத்த, போதைக்கு முற்றுப்புள்ளி என்ற பொருளுடைய ‘மதட தித’ கொள்கை, பௌத்த பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலத்தை நினைவூட்டும் தொனியிலேயே பேசியது. போயா எனப்படும் பௌர்ணமி நாளில் மதுக்கடைகள் மூடப்படுவதும் அந்த மரபின் தொடர்ச்சியே. ஒரு சிங்களக் கிராமத்தில் விகாரையின் குரலுக்கு உள்ள வலிமை உண்மையானது. வவுனியாவின் சிங்களக் கிராமங்களில் வேலை செய்வோர் அதைப் பயன்படுத்தலாம். மடுவை அண்டிய கத்தோலிக்க ஊரில் பங்குத்தந்தையின் சொல்லும், முசலியில் பள்ளிவாசல் நிர்வாகத்தின் சொல்லும், முள்ளியவளையில் கோயில் தர்மகர்த்தா சபையின் சொல்லும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான ஒரே பதாகையை மாவட்டச் செயலகத்தில் அச்சிட்டுப் பகிர்வதால் யாருடைய குரலும் அதில் இல்லாமல் போகிறது.

பொலிஸாரின் குரலைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். சீருடையில் இருப்பவர், தமிழில் தயங்கிப் பேசுபவர், சோதனைச் சாவடியில் நேற்றுப் பையைத் திறக்கச் சொன்னவர் இன்று பாடசாலை மண்டபத்தில் வந்து அறிவுரை சொன்னால், பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. சட்டத்தை விளக்க அவர் வரட்டும். மனத்தை மாற்றும் பேச்சை ஊரவர் ஒருவர் பேச வேண்டும்.

இதைவிட நுட்பமான இன்னொன்று உண்டு. போர் முடிந்த 2009இன் பின் முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம்களை நடத்திய புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகமே, கந்தகாடு, சேனபுர போன்ற இடங்களில் போதைக்கு ஆளானோருக்கான நிலையங்களையும் நடத்தி வந்தது. வன்னியில் மகனையோ கணவனையோ அந்த முகாம்களுக்கு அனுப்பிக் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். ‘உங்கள் பிள்ளையைப் புனர்வாழ்வுக்கு அனுப்புங்கள்’ என்ற வாசகத்தை ஒரு தாய் எந்த நினைவோடு கேட்பாள் என்பதை எண்ணிப் பார்த்த பிறகே எழுத வேண்டும். அதற்குப் பதிலாக வைத்தியசாலை, வைத்தியர், கிளினிக் நாள் என்று ஊருக்குப் பழகிய இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

ஊரின் மனத்தை அறிதல்

எழுத உட்காரும் முன் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பெண்கள் கலையும் நேரம், கழகத்துப் பெடியள் விளையாடி முடித்து மைதானத்தில் இருக்கும் நேரம், கமக்காரர் அமைப்பின் மாதாந்தக் கூட்டம் ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. யார் பாவிக்கிறார்கள், யார் விற்கிறார்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். எவராவது பெயர் சொல்லத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். உங்களுக்கும் சொன்னவருக்கும் அது ஆபத்து. அத்துடன் அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்க வேண்டியவை வேறு. பிள்ளை வழிதவறுகிறான் என்றால் முதலில் எதைக் கண்டு பயப்படுவீர்கள்? அவனை யார் கதைத்தால் கேட்பான்? வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகத் தடையாக இருப்பது எது?

விடைகள் ஊருக்கு ஊர் மாறும். புதுக்குடியிருப்பில் ஒரு குடும்பம் மகன் வெளிநாடு போகும் வாய்ப்பு கெடுமே என்று அஞ்சும். துணுக்காய்ப் பக்கம் ஒரு குடும்பம் நுண்கடன் கட்டும் பணம் காணாமல் போவதை முதலில் கவனிக்கும். கரையோர ஊரில் தங்கையின் கலியாணம் தடைப்படுமே என்ற கவலை முன்னுக்கு வரும். செய்தியின் மூன்றாவது கேள்விக்கான விடை இந்தக் கவலைகளில்தான் கிடைக்கிறது. ‘மூளை பாதிக்கும்’ என்ற பொதுவான எச்சரிக்கையை விட, ஊரவர் வாயிலிருந்து வந்த இழப்பே ஊரவரின் காதில் ஏறும்.

2009க்கு முன் இந்த மண்ணில் இப்படியெல்லாம் இருக்கவில்லை என்று முதியோர் சொல்வதையும் கேட்பீர்கள். அவர்களுடைய வேதனை மதிக்கத்தக்கது. ஆனால் இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அந்தக் காலத்துக்குப் பின் பிறந்தவன். தான் காணாத காலத்தோடு ஒப்பிட்டுத் தன்னைத் தாழ்த்தும் பேச்சை அவன் காது கொடுத்துக் கேட்பதில்லை.

எந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறீர்கள்?

பொலிவியா 2009இன் அரசியலமைப்பில் கொக்கா இலையைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்த இலையை மெல்லும் மரபைத் தடைசெய்த சர்வதேச உடன்படிக்கையிலிருந்து விலகி, 2013இல் அந்த விடயத்தில் மட்டும் விலக்குப் பெற்று மீண்டும் சேர்ந்தது. இலை வேறு, அதிலிருந்து எடுக்கப்படும் கொக்கெயின் வேறு என்பதே அவர்கள் வலியுறுத்தியது. நமக்கும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. பனங்கள் சீவுவது பல குடும்பங்களின் தொழில். அதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கள்ளையும், சட்டவிரோதமாக வடிக்கும் சாராயமான கசிப்பையும், ஐஸையும் ஒரே பதாகையில் ஒரே மண்டையோட்டின் கீழ் போட்டால், கள்ளுக் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகும் தகப்பனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஐஸும் அவ்வளவுதான் போலும் என்று முடிவு செய்வான். கள் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை; அதற்கு வேறொரு நாளில் வேறொரு செய்தி எழுதுங்கள் என்கிறேன்.

ஒரு செய்தி ஒரு பொருளைப் பற்றி, அதன் உண்மையான அடையாளங்களோடு பேச வேண்டும். ஐஸ் பாவிப்பவன் இரவிரவாக நித்திரையின்றி இருப்பான், பசி அற்றுப்போய் உடல் மெலியும், காரணமின்றி எவரையும் சந்தேகிப்பான். ஹெரோயின் எடுத்தவனின் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், இருந்த இடத்திலேயே தூங்கி விழுவான். கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகி, கொட்டாவி விட்டு, உடம்பெல்லாம் நோவென்று துடிப்பான். நீண்டகாலமாக நாளாந்தம் கசிப்புக் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தச் செய்தால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதை அறியாமல் நல்லெண்ணத்தோடு கதவைப் பூட்டுவோர் உண்டு என்பதால், கசிப்பைப் பற்றிய செய்தியில் வைத்திய ஆலோசனையோடு நிறுத்த வேண்டும் என்பதைக் கட்டாயம் சேருங்கள்.

மானமும் மறைப்பும்

தமிழ் மரபு போதையைப் பற்றிப் பேசும்போது மானத்தையே முன்வைத்தது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம், களித்தவனின் நிலை பெற்ற தாயின் முன்னிலையிலேயே துன்பம் தருமென்றால் சான்றோர் முன்னிலையில் எப்படியிருக்கும் என்று கேட்கிறது. பிறர் முகத்தில் விழிக்க நாணுவது நம் சமூகத்தில் மிகப் பெரிய காவல். தொடாதவனை அது தடுத்து நிறுத்துகிறது. தொட்டுவிட்ட பின்னரோ, அதே நாணம் வீட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது. தாய் அயலுக்கு மறைக்கிறாள், தகப்பன் சொந்தத்துக்கு மறைக்கிறார், வைத்தியசாலை வரிசையில் தெரிந்தவர் நிற்பாரே என்று ஓராண்டு கடந்துவிடுகிறது. ஆகையால் முன்தடுப்புச் செய்தியில் மானத்தைப் பேசுங்கள். மீட்புச் செய்தியில் அதன் நிழலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பதாகையில் சேர்க்க முடியாது.

அழும் தாயின் படத்தை நான் ஏற்பதில்லை. போருக்குப் பின் வன்னியில் தனியே பிள்ளை வளர்க்கும் பெண்கள் பலர். அந்தப் படம் மகனைத் திருத்துவதற்கு முன், ‘உன் வளர்ப்புத்தான் பிழை’ என்று தாயிடம் சொல்லிவிடுகிறது. ஊர்ப் பெடியன் எவனுடைய படத்தையும், முகம் மறைத்தாயினும், போட வேண்டாம். முதுகைப் பார்த்தே ஆளை அறிந்துவிடும் அளவுக்கு நம் ஊர்கள் சிறியவை. மீண்டு வந்த ஒருவரை மேடையேற்றி அனுபவம் சொல்ல வைப்பதும் வழக்கமாகி வருகிறது. ஐக்கிய நாடுகளின் தடுப்புத் தராதரங்கள், இத்தகைய சாட்சியங்களும் பயமுறுத்தலும் தடுப்புக்கு உதவுவதில்லை என்ற வகையிலேயே குறிப்பிடுகின்றன. அதோடு, அவர் நாளை மீண்டும் சறுக்கினால் அவர் விழுவது ஊர் முழுவதும் பார்த்திருக்கும் இடத்தில்.

எழுதுதல்

‘போதையை ஒழிப்போம், இளைஞரைக் காப்போம்’ என்பதில் யார் ஒழிக்க வேண்டும், எப்போது, எப்படி என்று ஒன்றும் இல்லை. யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள் என்பதை முதற் சொல்லிலேயே காட்டுங்கள். ஒரேயொரு செயலைக் கேளுங்கள். தாய்மாருக்கான துண்டுப்பிரசுரம் இப்படி இருக்கலாம்: ‘அம்மா, பிள்ளை இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லையா? சாப்பாட்டையும் தள்ளி வைக்கிறானா? அடிக்க வேண்டாம், கதவைப் பூட்டவும் வேண்டாம். பக்கத்து வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் முதலில் நீங்கள் தனியே போய்க் கதைக்கலாம்.’ அயலுக்கானது: ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை மாறிப்போனதைக் கண்டால், ஊருக்குச் சொல்லும் முன் அந்தத் தாயோடு ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.’ மூத்தவர்களுக்கானது: ‘அண்ணை, உங்களோடு வேலைக்கு வரும் தம்பிக்குக் கூலியைக் காசாகக் கொடுங்கள், வேறொன்றும் கொடுக்காதீர்கள்.’ கடைசி வாசகம் சிலருக்குக் கசக்கும். ஆனால் பொறுப்பை உரிய இடத்தில் வைப்பது அதுதான்.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய உளநல உதவிச் சேவையின் 1926 ஆகிய இலக்கங்களைச் சேர்க்கலாம். அச்சிடும் முன் நீங்களே அழைத்து, தமிழில் பதில் கிடைக்கிறதா, எந்நேரத்தில் கிடைக்கிறது என்று உறுதிசெய்து, அதையும் குறிப்பிடுங்கள். விற்பனையாளரைப் பற்றித் தகவல் கொடுக்கும் பொலிஸ் இலக்கத்தை அதே தாளில் போடாதீர்கள். இரண்டு இலக்கங்களையும் ஒன்றாகக் காணும் தாய், எந்த இலக்கத்தை அழைத்தாலும் பொலிஸ் வருமென்றே நினைப்பாள்.

இடமும் காலமும்

யூன் 26ஐ விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் ஊரின் ஆபத்தான காலங்கள் வேறு. காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி, பங்குனி மாதங்களும், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் நீண்ட இடைவெளியும் பிள்ளைகள் வேலையின்றியோ முதற் சம்பளத்தோடோ திரியும் காலங்கள். பெற்றோருக்கான செய்தியை அதற்கு ஒரு மாதம் முந்தியும், மாலை விளையாட்டையும் பயிற்சி வகுப்பையும் அந்த மாதங்களிலும் ஒழுங்குசெய்ய வேண்டும்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கோ மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கோ பெருங்கூட்டம் சேர்வதைப் பார்த்து அங்கே பதாகை கட்டத் தோன்றும். நேர்த்தியோடு வருபவர்களின் மனம் அங்கே வேறொன்றில் இருக்கும். ஒலிபெருக்கி அறிவித்தல் காணாமற் போன குழந்தைகளுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் இடையில் கரைந்துவிடும். அதைவிட ஊர்க் கோயிலின் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் இருபது பேரோடு உட்கார்ந்து கதைப்பது பயன்தரும். முல்லைத்தீவு கோவலன் கூத்தை இன்றும் பேணும் மண். ஆடவும் பாடவும் தெரிந்த அண்ணாவிமார் இருக்கும் ஊரில் தெருவெளி நாடகத்துக்குக் கொழும்பிலிருந்து குழு வரவழைக்கத் தேவையில்லை. நாடகம் முடிந்ததும் கலைந்துவிடாமல், மச்சான் நீட்டிய இடத்தில் அந்தப் பெடியன் வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று பார்வையாளரைக் கேட்டு, அந்தக் காட்சியை மறுபடி ஆட வையுங்கள். சொல்லும் பயிற்சி அங்கேயே நடந்துவிடும்.

அச்சிடும் முன்

வாசகத்தை ஒரு தாளில் எழுதி, அதைத் தயாரிப்பதில் சேராத ஐந்தாறு பேருக்குக் காட்டுங்கள். அவர்களுள் ஒரு தாய், பாடசாலையை இடைவிட்ட ஒரு பெடியன், உழவு இயந்திரமோ வள்ளமோ வைத்திருக்கும் ஒருவர் இருக்கட்டும். ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, அதில் என்ன சொல்லியிருந்தது, யாருக்குச் சொல்லியிருந்தது, இப்போது என்ன செய்யச் சொல்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை தடுமாறினால் வாசகத்தை மாற்றுங்கள். ‘எல்லாப் பெடியளும் பாவிக்கினம் போல கிடக்கு’ என்று ஒருவராவது சொன்னால் முழுவதையும் திரும்ப எழுதுங்கள்.

கட்டிய பின்னரும் வேலை இருக்கிறது. பதாகையில் குறித்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றிருக்கலாம், கிளினிக் நாள் மாறியிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழகத்தில் ஒருவர் அந்த இலக்கங்களை அழைத்துப் பார்த்து, மாறியதைத் திருத்தி, வெயிலில் வெளிறிய பதாகையைக் கழற்றும் பொறுப்பை ஏற்க வேண்டும். அவருடைய பெயரைக் கூட்ட அறிக்கையில் எழுதிவிட்டே கூட்டத்தை முடியுங்கள்.